நேர்சிங் படிக்கிற பிள்ளைக்கு மெய்யியல் எதற்கு?

போன மாதம் வென்ட்வேர்த்வில் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி, கொத்துரொட்டியும் சாப்பிட்டு முடிய, ஆம்பிளையள் நாங்கள் வழக்கம்போல கராஜுக்குள் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டோம். கதை வீட்டு விலையில் தொடங்கி, ஊர்ப் புதினத்துக்குப் போய், கடைசியில் பிள்ளைகளின் படிப்பில் வந்து நின்றது. எங்கள் கதைகள் எல்லாம் கடைசியில் அங்கேதானே வந்து நிற்கும்.

என் மகள் நேர்சிங் படிக்கிறாள். எந்த யூனிவர்சிற்றி என்று ஒரு அண்ணை கேட்டார். சொன்னேன். அது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"அங்கை வேதப்பாடமும் படிக்க வேணுமாமே?"

"வேதப்பாடம் எண்டில்லை அண்ணை. மெய்யியல், ஒழுக்கவியல் மாதிரி ரெண்டு மூண்டு பாடம். சமயமும் வரும். அதுகள் பாஸ் பண்ணாட்டி டிகிரி இல்லை."

"ஊசி போடுற பிள்ளைக்கு உது என்னத்துக்குக் காணும்? காசையும் வாங்கிக்கொண்டு ஆளையும் மாத்தப் பாக்கிறாங்கள். நீரும் பேசாமல் இருக்கிறீர்."

கராஜுக்குள் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு உடனே வாய் வராது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அண்ணைக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். அண்ணை இதை வாசித்தால் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவருடைய கேள்வியில் பாதி சரி.

முதலில் விசயம் என்னவென்று பார்ப்போம். இந்த நாட்டில் மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் பொதுவாக 24 பாடங்கள், வருடத்துக்கு எட்டு. அரச பல்கலைக்கழகங்களில் அந்த 24 உம் உங்கள் துறையையும் உங்கள் விருப்பத்தையும் பொறுத்தவை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் அதற்குள் சில பாடங்கள் எல்லாருக்கும் பொது. கணக்கியல் படித்தாலென்ன, ஆசிரியப் பயிற்சி என்றாலென்ன, அதைத் தாண்டாமல் பட்டம் இல்லை.

கத்தோலிக்கர்களுக்கு இங்கே இரண்டு பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்று 1991 இல் தொடங்கிய அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். சிட்னியில் ஸ்ட்ராத்பீல்ட், நோர்த் சிட்னி, பிளாக்டவுன் என்றும் மெல்பேர்ணில் பிட்ஸ்ரோயிலும் அதற்கு வளாகங்கள். அரசு பணம் கொடுக்கும் பொதுப் பல்கலைக்கழகங்களின் வரிசையில்தான் அதுவும் இருக்கிறது. அங்கே எல்லாருக்குமான பாடங்கள் மனித மாண்பு, பொது நன்மை, சமூக நீதி என்று கத்தோலிக்க சமூகச் சிந்தனையைச் சுற்றி அமைந்தவை. மற்றது நோட்ர டேம். 1989 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறீமாண்டிலில் உருவாகி, 2006 இல் சிட்னிக்கும் வந்தது. அது நீண்டகாலமாகவே மெய்யியல், ஒழுக்கவியல், இறையியல் மூன்றையும் தன் இளநிலை மாணவர்களிடம் கேட்டு வந்தது. காலப்போக்கில் பாடங்களின் வடிவம் மாறினாலும் எண்ணம் அதுதான்.

எங்கள் ஆட்கள் நிறையப்பேர் இருக்கிற டூங்காபிக்குப் பக்கத்திலேயே கம்பியன் கல்லூரி என்று ஒன்று 2006 இலிருந்து நடக்கிறது. அதைக் கடந்து தினமும் கடைக்குப் போகிற எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமோ தெரியாது. அங்கே ஒரேயொரு இளநிலைப் பட்டம்தான். எல்லாரும் வரலாறு, இலக்கியம், மெய்யியல், இறையியல் நான்கையும் படிக்க வேண்டும். இன்னும் வடக்கே குரன்போங்கில் அட்வென்டிஸ்ற் சபையினர் 1897 இல் தொடங்கிய அவொன்டேல், 2021 இல் முழுப் பல்கலைக்கழகமாகியது.

ஆக, இது யாரோ ஒரு பாதிரியாரின் யோசனை இல்லை. ஒரு பட்டதாரிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவர்கள் கொடுக்கிற பதில்.

சரி, அந்தப் பதில் எங்களுக்குப் பொருந்துமா?

காசிலிருந்து தொடங்குகிறேன், அண்ணை அதைத்தான் முதலில் சொன்னவர். இங்கே அவருடைய பக்கம் நியாயம் இருக்கிறது. 2021 இல் மத்திய அரசு மாணவர் கட்டணத்தைத் தலைகீழாக மாற்றியது. நேர்சிங், ஆசிரியப் பயிற்சிக்கெல்லாம் குறைத்தது. அந்த வருடம் முழு வருடத்துக்கு 3,950 டொலராக இருந்தது. மெய்யியல், சமயம், சமூகவியல் போன்றவற்றுக்கு ஏற்றியது. அந்த வருடம் அது 14,500 டொலராக இருந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று என்னவென்றால், கட்டணம் நீங்கள் படிக்கிற பட்டத்துக்கு இல்லை, பாடம் பாடமாகப் போடப்படுகிறது. வருடத்துக்கு எட்டுப் பாடம் என்று பிரித்துப் பாருங்கோ. 2021 இல் நேர்சிங் பாடம் ஒன்றுக்கு 500 டொலருக்கும் குறைவாக இருந்தது. மெய்யியல் வகைப் பாடம் ஒன்றுக்கு 1,800 டொலருக்கு மேல் இருந்தது. அரச இடத்தில் படிக்கிற ஒரு நேர்சிங் பிள்ளை கட்டாயத்தின் பேரில் அந்த வகையில் ஒரு பாடம் எடுத்தால், தன் துறையில் மூன்று பாடத்துக்குமேல் கட்டுகிற காசை அந்த ஒன்றுக்குக் கட்ட நேரலாம். இது கொஞ்சக் காசில்லை. ஒரு பாடத்தைக் கட்டாயம் ஆக்குகிறவர்கள் அதற்கு ஏற்ற தரத்தில் அதைப் படிப்பிக்க வேண்டிய கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

தரம் என்ற சொல்லை எழுதும்போதே எங்கள் தலைமுறைக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல் வரும். 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குப் போகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அதற்குப் பெயர் தரப்படுத்தல். தராசில் கல்லை மாற்றி வைத்துவிட்டு அதற்கு வைத்த பெயரே தரம்! என் மூத்த அண்ணர் அந்தக் காலத்துப் பிள்ளை. அவர் கடைசிவரை அந்த எண்களை மறக்கவில்லை. ஆகவே ஒரு பல்கலைக்கழகம் தரம் என்று பேசினால், அது யாருக்கு எந்தத் தராசு என்று கேட்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. அப்படிக் கேட்பதும் சரிதான்.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திடம் நான் கேட்கிற கேள்வியும் அதுதான். திருநீறு பூசிய பிள்ளை ஒன்று, அல்லது கடவுளே இல்லை என்கிற பிள்ளை ஒன்று, சபையின் கொள்கைக்கு மாறாக ஒரு கட்டுரை எழுதுகிறது. நியாயங்களை ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. அதற்கு முழுப் புள்ளி கிடைக்குமா? கிடைக்குமென்றால் அது பல்கலைக்கழகம். கிடைக்காதென்றால் அது ஞாயிற்றுப் பள்ளிக்கூடம். எத்தனை இறையியல் பாடம் கட்டாயம் என்பது எனக்கு இரண்டாவது விசயம்.

இந்த நாட்டில் இது புதிய கேள்வியும் இல்லை. 1850 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கும்போதே, மாணவரிடம் மதச் சோதனை வைக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த நேரம் ஒக்ஸ்போர்டில் பட்டம் எடுக்க இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளையும் ஏற்றுக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. சபைகளுக்குச் சிட்னியில் கிடைத்தது விடுதிகள் மட்டும். மெல்பேர்ணில் இறையியல் பட்டம் கொடுப்பதற்கென்று 1910 இல் தனியாக ஒரு சட்டமியற்றி வேறு கல்லூரி அமைத்தார்கள். அதுதான் பிறகு இறையியல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. படிப்பையும் சபையையும் இப்படித் தள்ளி வைத்திருந்த நாட்டில், சபைகளே நடத்துகிற பல்கலைக்கழகங்கள் வந்தது கிட்டடியில்தான்.

இன்றைக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு காவலாளி இருக்கிறார். உயர்கல்வித் தரத்தையும் தகைமையையும் பார்க்கிற மத்திய அரசின் அமைப்பு, டெக்சா என்பார்கள். 2011 இல் சட்டம் வந்து அமைந்தது. சிட்னிப் பல்கலைக்கழகமானாலும் சபை நடத்துவதானாலும் அதன் கண்ணுக்கு ஒன்று. இளநிலைப் பட்டம் என்றால் தகைமை ஏணியில் ஏழாம் படி. படிப்பிக்கிறவர் பொதுவாக அதைவிட ஒரு படியாவது மேலே படித்திருக்க வேண்டும். கல்விச் சுதந்திரத்தையும் பேச்சுச் சுதந்திரத்தையும் காக்கும் கொள்கை இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் என்ற பெயர் வேண்டுமென்றால் ஆராய்ச்சியும் நடக்க வேண்டும். ஆகவே கிறிஸ்தவப் பட்டம் என்று ஒரு தரக்குறைந்த பட்டம் சட்டப்படி இங்கே கிடையாது. நேர்சிங் என்றால் அதற்கு மேலே தாதியர் சபையின் அங்கீகாரமும் வேண்டும். என் மகள் போடப்போகிற ஊசி மற்றப் பிள்ளைகள் போடுகிற அதே ஊசிதான்.

மதம் மாற்றுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். இந்தப் பயம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஊருக்கே போய் வருவோம்.

1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு உயர்கல்வி நிலையம் தொடங்கினார்கள். டானியல் புவர் அதன் முதல் அதிபர். அவர்கள் முதலில் நினைத்தது பட்டம் கொடுக்கும் கல்லூரி. பிரித்தானிய ஆட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே செமினறி என்ற பெயரோடு நின்றது. பெயர்தான் அப்படி. உள்ளே வேதாகமத்தோடு கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், தமிழ் இலக்கணம் எல்லாம் ஓடியது. கொழும்பில் உயர் பதவியிலிருந்த எமேர்சன் ரெனன்ற் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு வைத்துப் பார்க்கக்கூடிய படிப்பு என்று எழுதினார். மதம் மாற்றும் நோக்கம் இருந்ததா? தாராளமாக இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவுமில்லை.

என்ன நடந்தது? மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளும் அங்கே படித்த எங்கள் ஆட்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. கரோல் என்ற பெயரில் மிசனரிமாரின் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் பதிப்பாசிரியர். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, செல்லரித்துப்போக இருந்த நூல்களை அச்சில் ஏற்றிய மனிதர். அவருக்கு அந்தப் பயிற்சியின் அடித்தளம் எங்கே போடப்பட்டது என்று யோசியுங்கோ.

1855 இல் அந்தச் செமினறியை மூடினார்கள். வெளியிலிருந்து யாரும் வந்து மூடவில்லை. சொந்த மிசனே அமெரிக்காவிலிருந்து ஆட்களை அனுப்பிப் பார்த்துவிட்டு மூடியது. ஆங்கிலம் படித்த பொடியள் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சபைக்கு ஊழியர் வருகிறது குறைவு என்பதுதான் கணக்கு. மனிதரை உருவாக்கினதை அவர்கள் தோல்வி என்று எழுதிக்கொண்டார்கள். அதே இடத்தில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி திரும்ப எழும்பியது. 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வளாகமாகத் தொடங்கியபோது ஒரு பக்கம் சைவர்களின் பரமேஸ்வராக் கல்லூரியிலும் மறுபக்கம் வட்டுக்கோட்டையில் கிறிஸ்தவர்களின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்களிலும்தான் வகுப்புகள் நடந்தன. நான் 95 இடப்பெயர்வோடு பாதியில் விட்டுவிட்டு வந்த படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். எங்களுடைய படிப்பில் எது சைவம், எது வேதம் என்று பிரித்து எடுக்க என்னால் முடியாது.

அதனால் அண்ணை, மகள் இறையியல் வகுப்பில் இருந்தால் மதம் மாறிவிடுவாள் என்று எனக்குப் பயமில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வரச்சொன்னால் வேலை இருக்கு என்கிறாளே, அதுதான் இப்போதைக்கு எங்கள் வீட்டுச் சமயப் பிரச்சினை.

இனி, ஊசி போடுகிற பிள்ளைக்கு இது எதற்கு என்ற கேள்வி.

போன செமஸ்ரரில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மகள் கேட்டாள். "அப்பா, அப்பம்மாவுக்குக் கான்சர் எண்டு நீங்கள் ஏன் அவவிட்டைச் சொல்லேல்லை?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா 2016 இல் இங்கேதான் காலமானா. கடைசி நாலு மாதமும் நாங்கள் அவவிடம் சொன்னது, வயிற்றில் புண், மருந்து எடுத்தால் மாறிவிடும் என்று. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நான் சொல்லுகிறேன் என்று டொக்டரிடம் சொன்னவன் நான். டொக்டர் இங்கிலீசில் ஒன்று சொல்ல, நான் தமிழில் வேறொன்று சொன்னேன். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம், அதுதான் அன்பு. அம்மா கடைசிக் கிழமையில் என்னிடம், "ஒருக்கா ஊருக்குப் போய் வீட்டுப் படியிலை இருந்திட்டு வந்திருக்கலாம் ராசா" என்றா. முன்பே தெரிந்திருந்தால் போய் வந்திருப்பாவோ என்னவோ.

மகளுக்கு அந்த வாரப் பாடம் இதுதான். நோயாளியின் சம்மதம், உண்மையை அறியும் உரிமை, குடும்பத்தின் இடம். நாளைக்கு அவளுடைய வார்டில் ஒரு தமிழ் அம்மா படுத்திருப்பா. மகன் வந்து, "அவவுக்குச் சொல்லாதேங்கோ சிஸ்ரர்" என்று கையைப் பிடிப்பான். அந்த நேரம் என்ன செய்வது என்று ஊசி போடுகிற பாடத்தில் இல்லை. சட்டப் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியை யோசிக்கப் பழகித்தான் ஆக வேண்டும். யோசிக்கவும் பயிற்சி வேண்டும். அதைப் படிப்பிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றில்லை, மற்ற இடங்களிலும் தாதியருக்கு ஒழுக்கவியல் உண்டு. ஆனால் எல்லாத் துறைப் பிள்ளைகளும் அதை ஒரு முறையாவது தாண்டித்தான் வெளியே போகவேண்டும் என்று சொல்வதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைத்தால் சரியில்லை. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2012 இல் படகில் வந்த ஒரு தம்பி. தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் இருந்து, பிறகு தற்காலிக விசா. தற்காலிக விசாக்காரருக்குப் படிப்புக் கடன் இல்லை, வெளிநாட்டு மாணவரின் கட்டணம் கட்ட வேண்டும். அது அவனால் கனவிலும் முடியாது. ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அவனுக்கு முழுப் புலமைப்பரிசில் கொடுத்தது. எது என்று சொல்ல மாட்டேன், அவனுக்காக. சமூகப்பணி படித்தான். இரவில் துப்புரவு வேலை.

2017 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தான். அடுத்தநாள் கட்டுரை கொடுக்க வேண்டும். மனித மாண்பு பற்றி 1,500 சொற்கள். "அண்ணை, இது சும்மா பாடம். மற்றதுகளை நானே எழுதிப்போடுவன். இதை மட்டும் ஒருக்கா எழுதித் தாங்கோ. மூண்டு நாளாய் நித்திரை இல்லை."

நான் எழுதிக்கொடுத்தேன். இங்கே வந்து முப்பது வயதுக்குப் பிறகு இரவு வகுப்பில் ஒரு பட்டம் எடுத்தவன் நான், எழுத வரும். காண்ட் என்ற ஜெர்மன் தத்துவஞானியையும் 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தையும் வைத்து விடிய ஒரு மணிக்குள் முடித்தேன். நல்ல புள்ளி வந்தது. அடுத்த கிழமை ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தான். உதவி செய்தேன் என்று எனக்குப் பெருமையும் இருந்தது.

அடுத்த வருடம் அதன் தொடர்ச்சியான பாடத்தில் அவன் தவறினான். ஒரு வாதத்தை எப்படித் தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்பதை முதற் பாடத்தில் பழகியிருக்க வேண்டும். பழகியது நான்தானே, அவன் இல்லையே. புலமைப்பரிசிலுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அழாக்குறையாகத் திரும்ப எடுத்து, ஒருமாதிரிப் பாஸ் பண்ணினான். பட்டமளிப்பு முடிந்த இரவு சொன்னான்: "அண்ணை, அண்டைக்கு நீங்கள் எழுதினது நல்லாத்தான் இருந்தது. ஆனா முகாமிலை என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. படகு நம்பர்தான். அதை நான் எழுதியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான். எனக்கு இன்றைக்கும் அது தொண்டையில் நிற்கிறது. படகு எழுத்தும் இலக்கமுமாக ஒரு மனிதனைக் கூப்பிடும் இடத்தில் இருந்துவிட்டு வந்தவனிடம் மனித மாண்பு பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் அவனைவிட அதைத் தெரிந்தவர் யார்? அவனுடைய வாயை மூடி அதற்குள் காண்டைத் திணித்தது நான்.

2020 இல் காசுக்குக் கட்டுரை எழுதிக்கொடுப்பதைக் குற்றமாக்கி இங்கே சட்டம் வந்தது. இரண்டு வருடம்வரை சிறை. நான் காசு வாங்கவில்லை, அது வேறு. ஆனால் நான் செய்ததும் அதே வேலைதான். எங்கள் சமூகத்தில் இது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது என்னைப்போல ஒரு அண்ணையும் தேவையில்லை, கைத்தொலைபேசியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் மனித மாண்பு எழுதித் தரும். பிள்ளைகள் எதை அதனிடம் கொடுக்கிறார்கள்? வீட்டில் நாங்கள் சும்மா பாடம் என்று சொல்லிவைத்த பாடங்களைத்தான். கராஜுக்குள் நாங்கள் சிரித்த சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களும் தப்ப முடியாது. அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2019 இல் மெல்பேர்ணில் டயனோயா என்று ஒரு மெய்யியல் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்களைக் கூப்பிட்டது. 2023 இல், காசு பற்றாக்குறை என்று, அதையும் மத்தியகால ஆய்வுப் பிரிவையும் மூடும் திட்டத்தை அறிவித்தது. வந்து நாலு வருடம்கூட ஆகாத அறிஞர்கள் நடுத்தெருவில். மாணவரிடம் மெய்யியலும் ஒழுக்கமும் முக்கியம் என்று சொல்லிக்கொண்டு, காசு முடைப்பட்டதும் அதிலேயே கத்தியை வைத்தால் பிள்ளைகள் என்ன விளங்கிக்கொள்வார்கள்? இதுவும் சும்மா பாடம்தான் என்றுதானே? எனக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது 1855 வட்டுக்கோட்டைதான் ஞாபகம் வந்தது. காரணங்கள் வேறு. ஆனால் கட்டியவர்களே தாங்கள் கட்டியதின் பெறுமதியை அறியாமல் இடிப்பது இரண்டிலும் இருக்கிறது.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு என் சொல் இவ்வளவுதான். கிறிஸ்தவம் என்று பயந்து ஓட வேண்டாம், சேர்வது சுகம் என்று கண்ணை மூடிக்கொண்டு போகவும் வேண்டாம். திறந்த நாளுக்குப் போய்க் கேளுங்கோ. அந்தப் பொதுப் பாடத்தைப் படிப்பிக்கிறது யார், அந்தத் துறையில் படித்தவரா, இல்லை வேறு யாரையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா? வகுப்பில் முகம் பார்த்துக் கதைக்க இடம் உண்டா, இல்லை இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடையை அமத்திவிட்டுப் போவதா? சபையின் கருத்துக்கு எதிராக எழுதிய பிள்ளைக்கு எப்படிப் புள்ளி போடுவீர்கள்? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கோ. நல்ல ஆசிரியர் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோசப்படுவார். பிறகு வீட்டுக்கு வந்து, அதைச் சும்மா பாடம் என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதேயுங்கோ.

மகள் அந்தக் கட்டுரையை அப்பம்மாவை வைத்தே எழுதினாள். நான் கை வைக்கவில்லை. எழுத்துப்பிழைகூடப் பார்க்கவில்லை. நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டும், குடும்பம் மறைத்தது பிழை என்பது அவளுடைய முடிவு. புள்ளி பெரிதாக வரவில்லை. ஆசிரியை எழுதியிருந்த குறிப்பைக் கொண்டுவந்து காட்டினாள். உன் முடிவில் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் உன் தகப்பனின் பக்கத்து நியாயத்தை நீ கேட்கவே இல்லை, அதைச் சரியாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்திருக்க வேண்டும் என்ற கருத்தில் நாலு வரி.

அன்றைக்கு இரவு சமையலறை மேசையில் எனக்கு முன்னால் வந்திருந்தாள். கையில் கொப்பி.

"சரி அப்பா, இப்ப சொல்லுங்கோ. ஏன் சொல்லேல்லை?"

பதினொன்றரை மணிவரை கதைத்தோம். அண்ணை, நாங்கள் கட்டின காசு எனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.